பொட்டியில செவப்பு உண்டா

நிலைய நாள் 212. காலை 06:10

தண்ணீர்த் தொட்டி: முக்கால். பனி உருக்கி: ஓடுகிறது. காற்று இயந்திரம்: ஓடுகிறது. அஞ்சல் பெட்டி: சிவப்பு இல்லை.

என் வீட்டுக்காரர் தனவேல் இந்த நோட்டில் தினமும் இப்படித்தான் எழுதுவார். அவர் செத்து இன்றோடு ஒன்பது நாள். நோட்டு வெறுமனே கிடக்கக் கூடாது என்று நான் எழுதுகிறேன். என் பேர் அஞ்சலாட்சி. விருத்தாசலத்துக்குப் பக்கம். அஞ்சாவது வரைக்கும் படிப்பு.

இது நிலாவின் தெற்குக் கோடியில் இருக்கும் பனிச்சுரங்க நிலையம். அவர் மெக்கானிக், நான் சமையல். ரெண்டே பேர். 219ஆம் நாள் மாலை நாலு மணிக்கு ஆறு பேர் கப்பலில் வந்து இறங்குவார்கள். அதுவரை நிலையத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

தலைவலி. அழுததில் வந்தது.

நிலைய நாள் 212. காலை 11:40

பூமியிலிருந்து கடிதம். இன்ஜினியர் நிலோஃபர் மேடம் எழுதியது. அப்படியே இறக்கி எழுதுகிறேன்.

"அஞ்சலாட்சி அம்மா, இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னியுங்கள். மூன்றாம் வாசலில் காற்று கசிகிறது என்று இயந்திரம் பதினொரு நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறது. பதினொன்றும் உங்கள் கணவர் பேரில் 'ஏற்கப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவும் தெரிந்தே அவர் கவச உடை இல்லாமல் உள்ளே போயிருக்கிறார். அசட்டை என்று எழுதிக் கோப்பை மூடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நான் எழுதிய பதில்: "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க மேடம்."

அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது.

நிலைய நாள் 213. காலை 09:00

தண்ணீர் முக்கால். மற்றதெல்லாம் ஓடுகிறது. சிவப்பு இல்லை.

நேற்று எழுதியது பொய். காகிதத்தில் எழுதினால் சிவப்புக் கோடு விழாது. அதனால் இங்கே நிஜத்தை எழுதுகிறேன்.

இந்த நிலையத்தில் இயந்திரங்கள் கடிதம் எழுதும். நாளைக்கு நாற்பது பக்கம். அஞ்சல் பெட்டிக்குள் ஓர் அகராதி உண்டு. அதில் இல்லாத வார்த்தை வந்தால் அடியில் சிவப்புக் கோடு போடும். இயந்திரத்தின் பழுதுக்கெல்லாம் தனிப் பேர். கசிமூ என்றால் மூன்றாம் வாசலில் கசிவு. அந்தப் பேர்களை வேண்டுமென்றே அகராதியில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். பழுது வந்தால்தான் பேர் வரும், பேர் வந்தால் சிவப்பு விழும், சிவப்பு விழுந்தால் நகல் தானாகப் பூமிக்குப் போகும். அகராதியில் சேர்த்துவிட்ட பழுதுப் பேர் வந்தால், மெக்கானிக் 'ஏற்கப்பட்டது' சொன்னதாக அவர் பேரில் பெட்டியே பதிந்துவிடும். நாற்பது பக்கத்தையும் யாரும் படிக்க வேண்டாம். சிவப்பு இல்லையென்றால் கவச உடை இல்லாமல் நடமாடலாம். அதுதான் சட்டம்.

நான் மளிகைக்கு எழுதுவதும் அதே பெட்டியில்தான். வந்த முதல் வாரம் கொத்தவரங்காய் வத்தலும் கருவாடும் கேட்டு எழுதினேன். கடிதம் முழுக்கச் சிவப்பு. நகல் அவசரப் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே திவாகர் என்று ஒரு கிளார்க். அவன் பதில்:

"அம்மா, 'கொத்தவர வத்தல்' எந்த இயந்திரத்தின் பழுது? 'கருவாடு' வெடிக்குமா, கசியுமா? அவசரக் குழு செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்."

கீழே இன்னும் நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டைத் தூக்கிக் காட்டி டீச்சர் எல்லாரையும் சிரிக்க வைத்தது ஞாபகம் வந்தது.

அவர்தான் தேற்றினார். "அட போ புள்ள, கருவாடு தெரியாதவன்லாம் ஒரு ஆளா. இந்தா பாரு, வார்த்தைய அழுத்திப் புடி. 'அகராதியில் சேர்'னு வருதா? சேத்துட்டா அது உன் வார்த்தை. அப்புறம் எவனும் கேக்க முடியாது." எப்படியென்று காட்டுவதற்கு அவர் முதலில் சேர்த்தது தன் பேரை. அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது.

நிலைய நாள் 213. மதியம் 14:20

பாதியில் எழுந்து போய்விட்டேன். சொல்லி முடிக்கிறேன்.

முப்பத்தோராம் நாள். இயந்திரம் சோதனைக் கடிதம் ஒன்று அனுப்பியது. தனக்கு வரக்கூடிய பழுதின் பேர் அத்தனையும் வரிசையாக. பக்கமெல்லாம் ரத்தக்களறி மாதிரி சிவப்பு. அதன் பக்கத்திலேயே என் மளிகைக் கடிதம், அதிலும் முப்பது நாற்பது சிவப்பு. நகல் போக அரை மணி இருந்தது. திவாகர் கண்ணில் படுவதற்குள் என்னுடையதை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாக அழுத்தினால் நேரம் பத்தாது. கீழே 'எல்லாவற்றையும் சேர்' என்று ஒரு பொத்தான்.

அழுத்திவிட்டேன்.

ரெண்டு கடிதமும் ஒரே நேரத்தில் வெள்ளையாயின. இயந்திரத்துச் சிவப்பும் போச்சு என்று எனக்கு அப்போதே தெரியும். சோதனைதானே, நிஜப் பழுது வந்தால் மறுபடி விழும் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். அவர் சுரங்கத்துக்குக் கிளம்பும்போது சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"அஞ்சல, பொட்டியில செவப்பு உண்டா?"

"இல்ல மாமா."

சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் எப்படிச் சொல்வது? அதிலிருந்து தினம் கேட்பார், தினம் இல்லை என்பேன். "நம்ம மிஷினு தங்கம்டீ" என்று சுவரைத் தட்டிவிட்டுப் போவார். 203ஆம் நாள் காலையிலும் கேட்டார். வெறும் சட்டையோடு போனார்.

மூன்றாம் வாசலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். கதவைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

நிலைய நாள் 214. காலை 08:15

தண்ணீர் முக்கால். சிவப்பு இல்லை. இந்த வரியை எழுதவே கை கூசுகிறது.

கொழுந்தன் கலிவரதன் கடிதம் போட்டிருக்கிறான்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா? இங்க ஆபீஸ்ல இருந்து வந்து அண்ணன் அசட்டையா இருந்துதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. சைக்கிள்ல காத்து கம்மின்னாக்கூட ஊரத் தாண்ட மாட்டாரே அவரு. எங்களக் கேலி பண்ணுவாரே, டேய் பிரேக் பாத்தியா பிரேக் பாத்தியான்னு. டீக்கடையில ஒருத்தன் சிரிச்சான். நான் சட்டையப் புடிச்சிட்டேன். நீங்க கூடவே இருந்தீங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுனா போதும் அண்ணி."

அந்த ஒரு வார்த்தையை எழுத உட்கார்ந்தேன். நிலோஃபர் மேடத்துக்குப் போனால் திவாகரும் படிப்பான். ஊரில் கலிவரதன் சத்தமாகப் படித்துக் காட்டுவான். அண்ணி கொன்னுட்டா என்று அந்த வாயாலேயே படிப்பான். அழித்துவிட்டேன். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

சோறு இறங்கவில்லை. தலைவலி விடவில்லை.

நிலைய நாள் 215. காலை 10:30

இன்று எழுதினேன். நிஜம் அத்தனையும். அனுப்பினேன். போகவில்லை. ஒன்பது தடவை அனுப்பினேன்.

நாற்பது பக்கக் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூணு மணி நேரம். இருபத்தேழாம் பக்கத்தில் சாய்ஆ என்று இருந்தது. ஆன்டெனா சாய்கிறது என்று அர்த்தம். சுவரில் அவர் ஒட்டி வைத்த பட்டியலில் பார்த்தேன். பழைய கடிதங்களிலும் தேடினேன். ஆறு நாளாக எழுதியிருக்கிறது. கோடு இல்லாமல், மற்ற வார்த்தைகளோடு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

இன்று முழுசாகச் சாய்ந்துவிட்டது. கடிதம் போனபோது நான் எழுதவில்லை. எழுதும்போது போகவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. கப்பல் இறங்கினதும் அது கிட்டத்திலிருந்தே இந்தப் பெட்டியைப் பார்க்கும். சிவப்பு இல்லையென்றால் அந்த ஆறு பேரும் கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். அவரை மாதிரியே.

நிலைய நாள் 216. காலை 07:00

அகராதியில் நான் சேர்த்த வார்த்தை 618. எல்லாவற்றையும் சேர்க்கப் பொத்தான் உண்டு. எல்லாவற்றையும் எடுக்கப் பொத்தான் இல்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து 'நீக்கு' கொடுக்க வேண்டும், அதுவும் கடைசியாகச் சேர்த்ததிலிருந்து வரிசையாக. ஒன்றுக்கு ஒரு நிமிஷம். இயந்திரம் யோசித்து யோசித்து எடுக்கிறது.

என் வார்த்தையும் பழுதின் பேரும் கலந்து கிடக்கின்றன. பாதிப் பழுது அவர் ஒட்டின பட்டியலில் இல்லை. எது எதுவென்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுக்கிறேன்.

நிலைய நாள் 217. மதியம் 13:00

140 எடுத்தாச்சு. மொச்சை போச்சு. சுண்டவத்தல் போச்சு. மாமா போச்சு. கண் இருட்டுகிறது. பத்து எடுத்தால் படுக்க வேண்டியிருக்கிறது. துக்கம் உடம்பை இப்படி அடிக்குமா?

நிலைய நாள் 218. காலை 07:20

துக்கம் இல்லை.

குறைஉ என்று ஒரு வார்த்தையை எடுத்தேன். எடுத்த நிமிஷமே பெட்டியில் எட்டுக் கடிதம் சிவப்பாயிற்று. முப்பத்தோராம் நாளுக்கு அப்புறம் இயந்திரத்தின் கடிதத்தில் நான் பார்க்கும் முதல் சிவப்பு. உறைவிடத்தில் காற்று குறைகிறது. எட்டு நாளாக. இந்தத் தலைவலி, இந்த இருட்டு, எல்லாம் அதுதான்.

இன்று மாலை ஆறு மணி வரை அறையில் தாக்குப்பிடிக்கும் என்று கடிதத்தில் இருக்கிறது. அப்புறம் என் கவச உடையில் பத்து மணி நேரக் காற்று. அவருடையது ஆணியில் தொங்குகிறது. அதிலும் பத்து. நாளை மதியம் ரெண்டு மணியோடு தீரும். கப்பல் நாலு மணிக்கு.

அசையாமல் படுத்தால் மூச்சு கம்மியாகச் செலவாகும், நாலு மணி வரைக்கும் இழுக்கலாம் என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்னும் 391 வார்த்தை பாக்கி.

இந்த ஒரு சிவப்பு போதாதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். உறைவிடத்துக்குத்தானே பழுது, வாசல் நல்லாத்தான் இருக்கு என்று நினைத்து வாசலில் கழற்றினால்? பாதிச் சிவப்பும் பொய்தான். பாதி சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

படுக்கப்போவதில்லை.

நிலைய நாள் 219. காலை 06:40

அவர் உடையில் இருக்கிறேன். கழுத்துப் பட்டியில் அவர் வியர்வை வாசம். கையுறை தடிமன், ஒரு பொத்தானை அழுத்தினால் மூணு விழுகிறது. பென்சில் பிடிக்கிறது.

பாக்கி 64.

நிலைய நாள் 219. காலை 09:55

விரிமு. எடுத்தேன். பதினாலு கடிதம் சிவப்பு. முகப்பு வாசலில் விரிசல். கப்பல் வந்து ஒட்டுமே, அதே வாசல். ஆறு பேரும் சேர்ந்து நிற்கும் இடம்.

உட்கார்ந்து எழுதுறேன்.

வருகிறவர்களுக்கு. முகப்பு வாசலில் ஒட்டாதீங்க. பின் வாசலுக்கு இதுவரைக்கும் சிவப்பு இல்லை. நான் ரெண்டு தடவை பார்த்தேன். கவசத்தைக் கழட்டாதீங்க. யார் சொன்னாலும் கழட்டாதீங்க. இந்த நோட்டை நிலோஃபர் மேடத்திடம் கொடுங்க. திவாகர் தம்பியும் படிக்கட்டும். கலிவரதன் டீக்கடையில் படிக்கட்டும். தனவேல் அசட்டையா இருந்ததே இல்லை. தினம் கேட்டார். நான் இல்லைன்னேன். என்னை நம்பினார். அவ்வளவுதான் அவர் செஞ்ச தப்பு.

நிலைய நாள் 219. மதியம் 12:30

எல்லாம் எடுத்தாச்சு, பின் வாசலுக்கு இப்பவும் சிவப்பு இல்லை. ஒண்ணு பாக்கி.

அது அவர் பேர். முதல் முதல்ல அவரே சேர்த்தது. இதை விட்டாலும் ஒண்ணும் குறையாது, பழுதின் பேர் இல்லை. விட்டு வைக்கலாம்னு கை நின்னுச்சு.

ஆனா அந்தப் பதினோரு கடிதத்திலும் 'ஏற்கப்பட்டது' பக்கத்துல அவர் பேர் இருக்கு. கோடு இல்லாம. பார்க்கிறவன் தாண்டிப் போயிடுவான்.

எடுத்துட்டேன். இப்ப அவர் பேர் இருக்கிற இடமெல்லாம் சிவப்பு. பார்க்கட்டும்.

நிலைய நாள் 219. 13:

பெட்டி முழுக்க

மாமா நீங்க வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்குக் கேளுங்க

உண்டு. செவப்பு உண்டு மாமா உள்ள போவாதீ