பிளேடு இல்லாமல் ஒரு சவரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே. நாங்கள் நலம் என்று இந்தத் தடவை தயங்காமல் எழுத முடிகிறது. போனில் பேசினால் உன் அத்தான் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீ அனுப்பிய சவர பிரஷ்ஷை வெந்நீர் டம்ளரில் ஊறப் போட்டேன். பால் காய்ச்சியதெல்லாம் அப்புறம்தான். வாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து அவர் முகத்துக்கு நான்தான் பொறுப்பு. பழைய ரேசரில் இழுத்தால் கழுத்தெல்லாம் சிவந்து தடித்துவிடும். இந்தத் தாடியோடு யார் முன்னாலும் வரமாட்டேன் என்று, பார்க்க வந்த பணிமனை நண்பர்களைக்கூட வாசலோடு அனுப்பச் சொன்னார். நீ அனுப்பிய சேஃப்டி ரேசரைப் பிரித்துக் காட்டியதும், “உன் தம்பிக்கு ரொம்ப நாளா என் கழுத்து மேல ஒரு கண்ணு” என்றார். வாய் குழறினாலும் நக்கல் குழறவில்லை.

முதல் நாள் பிளேடு போடாமல் பழகு, கோணம் கைக்கு வரட்டும் என்றாய் அல்லவா? அப்படியே செய்தேன். மறுநாள் சோப்பை நன்றாக நுரைக்கக் குழைத்துப் பூசி, ஒரு கீறல் இல்லாமல் வழித்து முடித்தேன். பெருமை தாங்கவில்லை. அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “ரொம்ப சுகமா இருந்துச்சு. முடியை எப்போ எடுப்பே?” என்றார். பிளேடு பீரோவிலேயே இருந்தது. முதல் இழுப்பிலேயே தெரிந்தும் சொல்லாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். சிரித்த சிரிப்பில் என் மூக்குக்கண்ணாடியெல்லாம் நுரை.

பிளேடு ஏன் பீரோவில் என்று நீ கேட்கமாட்டாய். “இப்படி இருக்கறதுக்கு...” என்று அவர் பாதியில் நிறுத்திய நாளிலிருந்து வீட்டிலுள்ள கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் அங்கேதான். சாவி என் இடுப்பில்.

அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும் என்பதுதான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. முடி வளரும் திசையைத் தெரிந்துகொள்ள விரலால் தடவிப் பார்த்தேன். இடது தாடைக்குக் கீழே அவருக்குச் சுழித்துக்கொண்டு மேல்நோக்கி வளர்கிறது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கு அது தெரியாது.

இன்று பாதியில் இடது கையை நீட்டினார். ரேசரைக் கொடுத்தேன். பழகாத கை. தாடையில் சின்னதாக ஒரு வெட்டு. நான் துண்டோடு பாய்ந்தேன். “விடு. ரொம்ப நாளைக்கப்புறம் நானா பண்ணின வேலை” என்றார். வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை பணிமனைக்காரங்களை வரச் சொல்லு” என்றார்.

நீ ஒரு ரேசரை அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்கு என்ன அனுப்பினாய் என்று எழுதத் தெரியவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, அவரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை பிரஷ்ஷை ஊறப் போட்டு, பிளேடு பெட்டியைக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டு, அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பால் காய்ச்சப் போகப் போகிறேன். பீரோவைத் திறந்தே விடப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அந்தக் காலை கடந்திருக்கும். ஆனாலும் படித்ததும் ஒரு நிமிஷம் எங்களை நினைத்துக்கொள், தம்பி.

அன்புடன்,
உன் அக்கா