தறி நிற்கக் கூடாது

செவ்வாய், இரவு.

குவாண்டம் பிணைப்பில் இருக்கும் இரு ஒளித்துகள்களின் உறவைச் சுற்றுப்புற அதிர்வு சிதைத்துவிடும். என் முறையில் சிதையாது என்று நிரூபிக்கவே கருமத்தம்பட்டியில் தறிப்பட்டறையை ஒட்டி ஆய்வகம் எடுத்தேன். சோதனை ஓடும்போது வாசலில் சிவப்பு விளக்கு எரியும். கதவைச் சாத்தினால் உள்ளே எதுவும் கேட்காது. முடிவுகள் அருமை. தறிகளின் அதிர்வுக்காக இன்று பட்டறைக்காரருக்கு நன்றி சொல்லப் போனேன்.

"சிவப்பு லைட் எரிஞ்சா தறியெல்லாம் நிறுத்திப்போடுவனுங்க அம்மணி. உங்களுக்குத் தொந்தரவாகக் கூடாதுங்கல்ல?" என்றார்.

அத்தனையும் சுவர் அசையாதபோது எடுத்த அளவுகள்!

"நாளைக்கு எல்லாத் தறியும் ஓட்டுங்கண்ணா."

"செவுரே அதிருமுங்களே!"

"அதுதானுங்க வேணும்."

கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். என் முறை தாங்கும். பயமெல்லாம் அந்த மனிதரைப் பற்றித்தான்: விளக்கைக் கண்டதும் மரியாதைக்கு ஒரு தறியையாவது நிறுத்திவிடுவார்.