ஊர் மூடும் வாரம்

கர்க்ஷா, யார்க்‌ஷர்
3 ஏப்ரல் 1955

அன்புள்ள மிஸ் போல்டன்,

முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. போன வருடம் நடன மண்டபத்தில் நான் மிதித்த பாதமும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பிளாக்பூல் கடற்கரையை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் ஊர் ஆலைகள் வருட விடுமுறைக்கு ஜூலை இரண்டாம் வாரம் மூடுகின்றன, உங்கள் ஊரில் ஆகஸ்ட் கடைசி வாரம். ஊருக்கு ஒரு வாரம் என்று எந்தப் புண்ணியவான் வகுத்தானோ! போன ஜூலையில் காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் உங்களைக் கடல் காற்று வாங்க அனுப்பியதால்தான் மிஸஸ் பிக்கர்ஸ்கில் விடுதியில் நாம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இந்த வருடமும் உங்களுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று நான் வேண்டிக்கொள்ள முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வரட்டுமா?

இப்படிக்கு,
வில்ஃப்ரெட் கிளெக்


ஹாசல்டன், லங்காஷர்
17 ஏப்ரல் 1955

அன்புள்ள மிஸ்டர் கிளெக்,

வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பத்தாறு வயதில் கல்யாணமாகாதவள் வீட்டு வாசலில் ஓர் ஆண் தொப்பியைக் கழற்றினால், மறுநாள் தறி ஓடத் தொடங்கும் முன்பே முந்நூறு பேருக்குத் தெரிந்துவிடும். எங்கள் நெசவுப் பெண்கள் தறிச் சத்தத்தில் உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். தெருக்கோடியில் பேசுவதும் அவர்களுக்குத் தப்பாது.

கடற்கரையில் அந்தத் தொல்லை இல்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் மழையானாலும் மிஸஸ் பிக்கர்ஸ்கில் நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். நிழற்குடையின் கீழே ஒரு பொட்டலம் வறுவலோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோமே, யாராவது திரும்பிப் பார்த்தார்களா? என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதே இல்லை.

வாரத்தை யார் மாற்ற முடியும்? விதியே என்று இருங்கள்.

அன்புடன்,
எனிட் போல்டன்


பிளாக்பூல்
11 ஜூலை 1955

அன்புள்ள வில்ஃப்,

கோபத்தில் பெயர் சொல்லி எழுதுகிறேன். நான் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எங்கே? ஆகஸ்டில் ஆலை மூடும்போது தறிகளைத் துடைத்து எண்ணெய் போடுகிறேன் என்று மேலாளரிடம் கெஞ்சி இந்த வாரத்தை வாங்கினேன். சொல்லாமல் வந்து உங்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். உங்கள் நாற்காலியில் ஒருவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்.

மிஸஸ் பிக்கர்ஸ்கில்லைப் பிடித்து உலுக்கினேன். "என்னைக் கேட்டா? 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு நீ எழுதின. 'அவங்ககிட்ட சொல்லிடாதீங்க'ன்னு அவர் எழுதினார். நான் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. இருபது வருஷமா விடுதி நடத்துறேன்டியம்மா, என் வாயிலருந்து ஒரு வார்த்தை வெளிய போனதில்ல!" என்று பெருமை வேறு. நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று கேட்டால் அதையும் சொல்ல மாட்டாளாம்.

எனிட்


கர்க்ஷா
13 ஜூலை 1955

அன்புள்ள எனிட்,

காகிதத்தில் உள்ள கறுப்பு என் விரல் கறை. ஆலைக் கொதிகலனுக்குள் குப்புறப் படுத்துப் படிவைக் கொத்திக்கொண்டிருக்கிறேன். ஊர் மூடும் வாரத்தில்தான் அது ஆறும். சுத்தம் செய்ய நிற்பவர்களுக்கு வேறு வாரம் விடுமுறை தருவார்கள். நான் கேட்டு வாங்கியது ஆகஸ்ட் கடைசி வாரம். விடுதியில் உங்கள் பக்கத்து நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் கொதிகலனுக்குள்ளேயே சிரித்துவிட்டேன். கூட வேலை செய்யும் சிட்னி வெளியிலிருந்து தட்டி, "என்னய்யா, உள்ள யாரோட இருக்க?" என்றான். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வருடம் என்னால் காத்திருக்க முடியாது, எனிட்.

வில்ஃப்


ஹாசல்டன்
24 ஜூலை 1955

அன்புள்ள வில்ஃப்,

கடல் கிடக்கட்டும். ஆகஸ்டில் இங்கே வாருங்கள். வேண்டாம் என்றவள்தான் சொல்கிறேன். அந்த வாரம் எங்கள் ஊர் வாய் மொத்தமும் பிளாக்பூலில் இருக்கும். ரொட்டிக் கடை, வறுவல் கடை, நூலகம் எதுவும் திறக்காது. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மதுக்கடையின் மாடியில் அறை கிடைக்கும். எனக்கு இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். ரொட்டி நானே சுடுகிறேன். கல் மாதிரி இருந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும்.

எனிட்


கர்க்ஷா
4 செப்டம்பர் 1955

என் எனிட்,

வீடு வந்து சேர்ந்தேன். ரொட்டி கல்தான். இன்னும் ஒரு துண்டு கோட்டுப் பையில் இருக்கிறது.

புகைபோக்கிகள் ஓய்ந்ததும் ஊருக்குப் பின்னால் மலை தெரிந்ததே, இத்தனை வருடம் அங்கே வாழ்ந்த நீங்களே வாயைப் பிளந்தீர்கள். தெரு நடுவில் கைகோத்து நடந்தோம். முன்னறையில் வானொலிப் பாட்டுக்கு ஆடியபோது இரண்டு முறைதான் மிதித்தேன். ஆனால் கால் முறிந்து ஊரோடு போக முடியாமல் எதிர்வீட்டில் கிடந்த மிஸஸ் டட்டனை இருவரும் மறந்துவிட்டோம். அந்த ஜன்னல் திரை ஏழு முறை அசைந்தது. என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ரயிலில் யோசித்தேன். ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு ஒரே வாரம்தானே? உங்கள் ஆலை வாயிலில் கொதிகலனுக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள். விண்ணப்பிக்கட்டுமா? வேலையை மட்டும் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வில்ஃப்


ஹாசல்டன்
6 செப்டம்பர் 1955

அன்பு வில்ஃப்,

நேற்று ஆலை திறந்தது. நான் என் தறிக்குப் போய்ச் சேர்வதற்குள் நெசவுக் கொட்டகையே என்னைப் பார்த்தது. பக்கத்துத் தறி மாவிஸ் உதட்டை மட்டும் அசைத்தாள்: "எப்பக்கா கல்யாணம்?" என் தலை குனியவில்லை, வில்ஃப். நானும் உதட்டை அசைத்தேன்: "முதல்ல அவர் கேக்கட்டும்." அந்தத் தறிச் சத்தத்தில் முந்நூறு பேர் சிரித்ததைப் பார்த்தேன்.

இன்று உங்கள் கடிதம் வந்தது. கொதிகலனைத்தான் கேட்டிருக்கிறீர்கள். யார்க்‌ஷர்க்காரரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் சரி.

மிஸஸ் பிக்கர்ஸ்கில்லுக்கு இப்போதே எழுதிவிட்டேன். அடுத்த ஆகஸ்ட் கடைசி வாரம், அதே மேசை, ஒரே அறை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

உங்கள்
எனிட்