எல்லார் செருப்பும் பளபளன்னு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே மூன்று பேரும் சுகம் என்று மருமகள் போனில் சொன்னாள். அதில் இரண்டு பேர் சுகம் என்பதை நம்புகிறேன்.

குளியலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, நீ வந்தபோது ஒழுகிக்கொண்டிருந்ததே, அதுதான். பிளம்பர் வேலையை முடித்துவிட்டு வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட மாடி வீட்டுக்காரம்மா, அப்படியே சொல்லுங்கக்கா, ஆம்பளை ஷூ ஒரு ஜோடி எப்பவும் வாசல்லயே கிடக்கட்டும், தனியா இருக்கீங்கன்னு ஊருக்கே தெரியணுமா என்றாள். அதனால் அப்பாவின் கறுப்பு ஷூவை என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். திருடனுக்காக வைத்தது, கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் ஏமாறுகிறவள் நான்தான்.

நீ பேசிப் பல வாரம் ஆகிறது. கூப்பிட்டால் மீட்டிங் என்று ஒரு வரி வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மருமகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள், அத்தை, உங்க பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, குட்டியோட ஸ்கூல் ஷூ, என் ஷூ, தூக்கிப் போடச் சொன்ன பழைய ஷூ, எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பாலிஷ் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார் என்று. நானும் சிரித்தேன், கறுப்பா பழுப்பா என்றுகூடக் கேட்டேன். ஆபீஸ் போகிறானா என்றேன். வழக்கம்போலக் காலையில் கிளம்பிவிடுகிறார் என்றாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கே போகிறாய், கண்ணா? அவள் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டு டப்பாவை எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து திறக்கிறாய்?

நம் வீட்டில் அந்தப் பாலிஷுக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா முதலில் செருப்புக் கடையில் இருந்தார், நீ பிறப்பதற்கு முன்னால். வருகிறவர்களிடம், சார், இது உங்க காலைக் கடிக்கும், எதிர்க் கடையில நல்லதா இருக்கு என்று சொல்லி அனுப்புவார். முதலாளி எவ்வளவு நாள் பொறுப்பார்? வேலையை விட்டு நிறுத்தியவர் மனசு கேட்காமல் ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலம் அப்பா கூடத்து நடுவில் செய்தித்தாளை விரித்து, எங்கள் இரண்டு பேர் செருப்பையும் துடைத்துப் பளபளவென்று வைத்தார், அப்புறம்தான் வேலை போனதைச் சொன்னார். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்தபோது ஓடி வருகிறவர்களுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தபோது, உங்களுக்கு எதுக்குங்க இது என்று கேட்ட ஏஜென்ட் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். போட்டோ ஸ்டூடியோவை விட்டதற்கு மட்டும் பெரிய காரணம் இல்லை, இருட்டறை பிடிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் ஒரு பெண் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டினாள், அவர் இறங்கிச் சுவர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, பிரேக் நல்லாத்தாம்மா போட்டே, கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான் என்றாராம். பெரிய மாமா ஒருமுறை, உங்களுக்கு வேலை மாத்துறது சட்டை மாத்துற மாதிரி என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பா, சட்டைன்னா மாத்தித்தானே ஆகணும் மச்சான், ஒரே சட்டையில இருந்தா பக்கத்துல யாரு உட்காருவா என்றார். மாமாவே சிரித்துவிட்டார், நான்தான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஸ்கூலிலிருந்து வந்து வாசலைப் பார்த்துவிட்டு, அம்மா, எல்லார் செருப்பும் பளபளன்னு இருக்கு, அப்பாவுக்கு லீவா என்று கத்திக்கொண்டே ஓடி வருவாய். வேலை போன வீட்டில் அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு. கடைசியில் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆபரேட்டராகப் போய்த்தான் நிலைத்தார். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எங்கே போக வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விட்டால் போதும், யாரையும் எதையும் வாங்கச் சொல்ல வேண்டாம் என்பார். அவர் போன அன்று வந்தவர்களில் ஒருத்தர் எங்க கண்டக்டர் என்றார், ஒரு நர்ஸ் எங்க லிஃப்ட் அண்ணன் என்றாள், அந்தச் சுவரில் முட்டிய பெண் எங்க சார் என்று அழுதாள். ஒரே ஆளுக்குத்தான் வந்திருக்கிறோமா என்று அவர்களுக்கே சந்தேகம்.

உன்னிடம் சொல்ல நினைத்தது இதுதான். அப்பா பாலிஷ் போட்டது மறைக்கிறதற்கு இல்லை, சொல்கிறதற்கு. வாய் வராதபோது கை சொன்னது, நான் டீயைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். மருமகளுக்கு நம் வீட்டுப் பாஷை தெரியாது. நீ சொல்லிவிட்டாய், அவள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். அதனால் வாயாலேயே சொல்லிவிடு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே. அப்பனைப் போல ஆகிவிட்டோமே என்று கூச்சப்படாதே. ஆகியிருந்தால் எனக்குச் சந்தோஷம். நான் அவளிடம் மூச்சு விடவில்லை. போனில் பேசினால் பக்கத்தில் இருப்பாள் என்றுதான் இந்தக் கடிதம், உன் பெயருக்கு வந்ததை அவள் பிரிக்கிறவள் இல்லை. இது கைக்கு வருவதற்குள் நீயே சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று அப்பாவின் ஷூவுக்கு நான் பாலிஷ் போட்டேன். டப்பாவில் இருந்தது காய்ந்து வெடித்திருந்தது, வெயிலில் வைத்து இளக்கிக்கொண்டேன். செய்தித்தாளை விரித்துக் கூடத்து நடுவில்தான் உட்கார்ந்தேன். டீ போட்டுக் கொண்டுவர யாரும் இல்லை, நானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன். இங்கே யாருக்கும் வேலை போகவில்லை, உன் சேதி எனக்கு வந்துவிட்டது என்று பதில் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். குட்டிக்கு என் முத்தம். வெறும் வயிற்றோடு அலையாதே. அடுத்த முறை வரும்போது உன் ஷூ ஒரு ஜோடியை இந்த வாசலில் விட்டுவிட்டுப் போ, திருடனுக்காக இல்லை.

போன் மணிக்குக் காதை வைத்திருக்கும்,
அம்மா