அச்சின் மறுமுனை

உத்திரமேரூர்,
9-10-1983

அன்பு மகள் ஏலவார்குழலிக்கு நைனா எத்திராஜ் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, எருமை மூவரும் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு சரியில்லாத பெண்ணால் பெற்ற தகப்பனை நாலு பக்கத்துக்குத் திட்டி எழுத முடியாது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. "தொடாதே என்று மூன்று தடவை எழுதினேனே" என்பதை மட்டும் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். தாயே, ஒத்துக்கொள்கிறேன். எழுதினாய்தான்.

ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். உலோகம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு போட்டி, முறிந்துபோன சாமான் ஒன்றை எடுத்து அது ஏன் முறிந்தது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும், முதலாவதாக வந்தால் மிச்சமுள்ள இரண்டு வருஷத்துக்கும் ஸ்காலர்ஷிப், இல்லாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு வர வேண்டியதுதான் என்று எழுதினாய். நல்ல சாமான் எவ்வளவோ இருக்க, முறிந்ததற்குப் பரிசு கொடுக்கிற ஆட்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதற்கு நம் மாட்டு வண்டியின் அச்சு வேண்டும், கொட்டகையில் கிடக்கிற இரண்டு துண்டையும் அப்படியே சாக்கில் கட்டி அனுப்பு, முறிந்த முகத்தை, அதாவது முறிந்த இடத்தை, துடைக்காதே, எண்ணெய் போடாதே, விரல்கூடப் படக்கூடாது என்றாய். உன்னைப் பெற்றெடுத்தபோது மருத்துவச்சிகூட இவ்வளவு பத்தியம் சொல்லவில்லை.

சாக்கை எடுத்தபோது உன் அம்மா வந்து நின்றாள். "ஒடஞ்சத போயி பரிசுக்கு அனுப்புவாங்களா? பொண்ணு ஜெயிக்கணும்னு அனுப்பறியா, தோக்கணும்னு அனுப்பறியா?" என்று கேட்டாள், ஒட்டி அனுப்பச் சொன்னாள். உடைந்த வளையல், கீறல் விழுந்த கண்ணாடி எதையும் நல்ல காரியத்துக்கு எடுத்துப் போகாத வீடு இது. உனக்கும் தெரியும்.

ஆகவே வெல்டிங் நஜிமுதீனிடம் தூக்கிப் போனேன். "இன்னாண்ணே, வண்டியே இல்ல, அச்ச ஒட்டி இன்னா பண்ணப்போற?" என்று கேட்டான். காலேஜுக்குப் போகிறது என்றேன். காலேஜ் என்றதும் அவனுக்கு வேகம் வந்துவிட்டது. "அப்ப சும்மா ஒட்டினா நம்ம கடைக்கு அசிங்கம்ணே" என்று சொல்லி, இரண்டு முகத்தையும் பளபளவென்று தேய்த்து, பற்றவைத்து, மேட்டை அரத்தால் இழைத்து, மேலே வெள்ளி பெயின்டும் அடித்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். நம் தெருவில் பல கல்யாணப் பெண்களுக்கு அந்த அலங்காரம் நடந்ததில்லை.

அதைப் பிரித்துப் பார்த்து உங்கள் வாத்தியார் சிரித்தார், நீ அழுதாய் என்று எழுதியிருக்கிறாய். அவர் சிரிக்கட்டும். எத்தனை பேர் சிரித்தாலும் தாங்குகிற முகம் இது. முன்பு ஒரு ஸ்காலர்ஷிப் பாரத்தில் உன் படம் ஒட்டுகிற கட்டத்தில், திருப்புட்குழித் தேருக்குப் போனபோது எடுத்த குடும்பப் படத்தை, நீ தனியாக இருக்கிற படம் அகப்படாமல், மடித்து ஒட்டி அனுப்பினேனே, அதற்கும் எவனோ சிரித்திருப்பான். அந்தப் பாரம் திரும்பி வந்தது. கிராம அதிகாரியிடம் வருமானச் சான்றிதழுக்கு ஏழு நடை நடந்தேன், அதில் உன் பெயரை ஏகாம்பரம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. எனக்கு அலுத்துவிட்டது, குழலி. பிள்ளைக்குப் படிப்பு வருகிறது, அப்பனுக்கு வசதி இல்லை என்று ஊருக்கே தெரிகிற ஒரு விஷயத்தை எத்தனை காகிதத்தில்தான் நிரூபிப்பது?

சரி, விளையாட்டுப் பேச்சு இத்தோடு போகட்டும். நீ மூன்றாவது தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய். போட்டிப் பாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, முறிந்த நேரத்தில் அச்சின் மேல் எவ்வளவு பாரம் இருந்தது என்று எழுத வேண்டும், எத்தனை மூட்டை ஏற்றினாய் என்று. முதல் தடவை, உன் அம்மாவையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதி அனுப்பினேன். இரண்டாம் தடவை மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை.

அந்த வண்டிக்கு இருபது மூட்டை நெல்தான் கணக்கு. அன்றைக்கு இருபத்தாறு. மில்லில் ஒரே நடையில் கொண்டுவரச் சொன்னார்கள், நானும் என் மாட்டின் பெருமையைப் பேசிக்கொண்டு சரி என்றேன். காஞ்சிபுரம் ரோட்டில் சிறு பாலம் இறக்கத்தில் அச்சு முறிந்து வண்டி சாய்ந்தபோது, என்னோடு மூட்டை ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்து வந்த நம் கூட்டாளி வேதகிரியின் மேல்தான் மூட்டைகள் விழுந்தன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பஞ்சாயத்தில் கேட்டபோது இருபது என்று நான் சொன்னேன். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவனே வேதகிரி. அவனுக்குக் கணக்குத் தெரியாதா? என்னைக் காட்டிக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். நான் அந்த வழியாகப் போனால் டயரைப் பார்த்துக் குனிந்துகொள்வான். ஊரையே கேலி பேசுகிற நான் அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் வாயைத் திறக்கிறதில்லை.

முறிந்த முகத்தைப் பார்த்தாலே அதன் கதை தெரியும் என்று நீ எழுதியதைப் படித்ததும், இருபத்தாறு மூட்டையும் வெளியே வந்துவிடும் என்று பயந்துவிட்டேன். உன் அம்மா ஒட்டச் சொன்னது சகுனத்துக்காக. நான் உடனே சரி என்றது சகுனத்துக்காக அல்ல. நஜிமுதீன் முகத்தைத் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் தேய் என்று சொன்னவன் நான்தான். உன் ஸ்காலர்ஷிப்பை என் கையாலேயே தேய்த்தேன் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது நீ கேட்பதற்கு வருகிறேன். ஒட்டிய இடம் போனால் போகட்டும், மறு சக்கரத்துப் பக்கம் இருக்கிற அச்சின் மறுமுனையும் அதே பாரத்தைத்தான் சுமந்தது, அங்கேயும் விரிசல் இருக்கலாம், அறுத்துத் திறந்து பார்க்கட்டுமா என்கிறாய். உள்ளே கறுத்துத் துருப்பிடித்த விரிசல் இருந்தால் அச்சு பல நாளாகவே உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டு வந்தது என்று அர்த்தம், ஒன்றுமே இல்லாவிட்டால் அன்றைய பாரத்தால் முறிந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்கிறாய். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டுமாம். என் சம்மதத்தைக் கேட்கிறாய்.

இதில் என் சம்மதம் பாதிதான். அதனால் நேற்று சைக்கிள் கடைக்குப் போனேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் எதிரில் உட்கார்ந்தேன். உன் கடிதத்தை அவனுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன், என்னைத் திட்டிய இடங்களையும் சேர்த்து. அங்கே மட்டும் அவன் மீசை கொஞ்சம் அசைந்தது. பிறகு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "அறுக்கச் சொல்லு. என் காலு எதனால போச்சுன்னு எனக்குந்தான் தெரிய வேணாவா" என்றான். நான் எழுந்தபோது, "ரெண்டு பேருந்தான ஏத்தினோம்" என்று தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்.

ஆகவே அறுத்துப் பார். போட்டிப் பாரத்தின் அந்தக் கட்டத்தில் இருபத்தாறு மூட்டை என்று எழுது, மூட்டைக்கு எழுபத்தைந்து கிலோ. பெருக்கல் உனக்கு வரும், நம் கிராம அதிகாரியைக் கேட்காதே. உங்கள் வாத்தியார் மறுபடி சிரித்தால், எங்கள் நைனா ஒட்டுவதில்தான் கெட்டிக்காரர் என்று சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. அறுக்கிற இடத்தில் பின்னலை மடித்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள் உன் அம்மா.

நீ நல்லா இருக்கணும், ஜெயிக்கணும், மகளே. அறுத்துப் பார்த்த அன்றைக்கே இரண்டு தபால் கார்டு வாங்கு. ஒன்றை எனக்குப் போடு, ஒன்றை வேதகிரிக்குப் போடு. அவனும் எழுத்துக் கூட்டிப் படிப்பான். எனக்கு எழுதுவதையே அவனுக்கும் எழுது. உன் நைனா என்பதற்காக என் கார்டில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிவிடாதே.

உன் கார்டுக்குக் காத்திருக்கும்
நைனா,
எத்திராஜ்