சுரங்கத்தில் நீ விட்ட இடைவெளி

வீடு நிறையச் சத்தத்தை வைத்துவிட்டுப் போன என் பிரபு அண்ணாவுக்கு,

உன் மைக் ஈரமாக இருந்தது. முதலில் நான் கவனித்தது அதைத்தான். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரி விழா. நம் பேண்டின் நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கம்போல் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ போன பிறகும் உன் மைக்கை மேடையின் நடுவில்தான் நிறுத்துகிறார்கள். அதில் யாரும் பாடுவதில்லை, வயர்கூட மாட்டுவதில்லை. அன்றைக்கு அதைக் கழற்றி எடுத்தபோது, யாரோ நெடுநேரம் வாயை வைத்துப் பாடியதுபோல அதன் கம்பி வலைத்தலை நனைந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தேன். சூடாகவும் இருந்தது.

வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் எதுவாவது நனையுமா, அண்ணா?

இனி எழுதுவது உனக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்கள் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு மில்லுக்கு அப்பா வாட்ச்மேன். நூல் நூற்கும் ஹாலின் தரைக்கு அடியில், காற்றுப் போவதற்காகக் கட்டிய நீளமான பாதை உண்டு. மெஷின்களையெல்லாம் விற்ற பிறகு அது மட்டும் மிஞ்சியது. நமக்கு அது சுரங்கம். சுவரெங்கும் பழைய பஞ்சு தாடி மாதிரித் தொங்கும். லைன் வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காமல் விரட்டியதும் நீங்கள் மூன்று பேரும் அங்கே இறங்கினீர்கள். நவீன் அண்ணனுக்குக் கிடார். ஜான்சன் அண்ணனுக்குச் சர்ச்சில் வாசித்துப் பழகிய டிரம்ஸ். உனக்கு, மூச்சு விடாமல் கொட்டுகிற வார்த்தைகள். 'கழிவுப்பஞ்சு' என்று பேண்டுக்கு நீதான் பெயர் வைத்தாய்.

அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து அப்பாவிடம் கேட்டாள்: "ஏனுங்க, உங்க பையன் பாடறானா, யாரையாச்சும் வையறானா?"

"ரெண்டுந்தான்" என்றார் அப்பா.

வைதது அவரைத்தான் என்று அவருக்குத் தெரியாது. "பூட்டுன மில்லுக்கு எதுக்குடா காவல்?" என்று நீ கத்துவாய். கொஞ்சம் பொறுத்து, பாதையின் அந்தக் கோடியிலிருந்து இருட்டு "காவல்..." என்று சொல்லும்.

"டேய், சுரங்கமே கோரஸ் பாடுதுடா! சம்பளம் கேக்காத ஆளு, விட்றாதீங்க" என்று ஜான்சன் அண்ணன் துள்ளினார். அன்றிலிருந்து அந்த வரி வரும்போதெல்லாம் நீ இடம் விட்டாய். மூன்று பேரும் கையை நிறுத்திக் காத்திருப்பீர்கள். பதில் வந்த பிறகுதான் அடுத்த இடி.

அது சுரங்கம் இல்லை, அண்ணா. நான்தான். பஞ்சு அப்பிய சுவரில் எதிரொலி எப்படி வரும்? பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே எழும்பாது. வகுப்பே சிரிக்கும். ஒன்பதாவதோடு நின்று, பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனேன். யாரும் பார்க்காத அந்தக் கோடியில் உட்கார்ந்தால்தான் எனக்குக் குரல் வந்தது. உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் இடம் விட்டாயா? நானும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மை போட்டு நான் வீட்டிலேயே கிடந்தபோது, வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்று நீ சொன்னாய்: "பாப்பா, இன்னைக்கு சுரங்கம் என்னமா பாடுச்சு தெரியுமா? அழுதுபோட்டேன்." என்னைச் சிரிக்க வைக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அன்றைக்கு அங்கே பாடியது யார்?

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. யாரோ போனில் எடுத்த சுரங்கத்து வீடியோ ஊரெல்லாம் பரவியது. பொள்ளாச்சியில் முதல் மேடை, பிறகு அன்னூர், பிறகு பெங்களூர். திறந்த மைதானத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் பழக்கம் போகாமல் நீ இடம் விட்டே பாடினாய். அந்த இடத்தில் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்காகவே வந்தார்கள். இப்போது உங்கள் பெயர் போட்ட பனியனே வந்துவிட்டது. அதற்கும் நான்தான் பிசிறு வெட்டினேன். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்த நீ அதைப் பார்க்க எழுந்திருக்கவேயில்லை.

போன மாதம், பாட்டை ரெக்கார்டு செய்வதற்காகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். "எல்லாம் நல்லாருக்கு. ஆனா நடுவுல பாட்டு செத்துப்போயிடுதுங்க. அந்த கேப்பை எடுத்துட்டா வெளிய கொண்டு வந்துடலாம்" என்றார். ஜான்சன் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நவீன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மணி, ஞாயித்துக்கிழமை நம்மூரு ஷோவோட அந்த கேப்பை நிறுத்திக்கலாம்னு இருக்கறம். மைக்கை நீயே எடுத்துட்டுப் போயி வெச்சுக்க. எங்களுக்கும் மனசில்ல கண்ணு."

"ம்" என்றேன். அந்த இடைவெளி போனால் பேண்டில் உனக்கு வேறு எந்த இடமும் இல்லை என்று சொல்ல நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் தெரியாமல் உன் மைக்குக்கு வயரை மாட்டினேன். உடுமலையில் அதை நனைத்தது யாராக இருந்தாலும் எல்லோருக்கும் கேட்கட்டும்.

சாயங்கால வெயில் இன்னும் மேடையில் இருந்தது. நவீன் அண்ணன் அந்த வரியைக் கத்தினார். கிடார் நின்றது, டிரம்ஸ் நின்றது, கூட்டம் நின்றது. ஸ்பீக்கரில் ஒரு மூச்சு கேட்டது. வரியை முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, மூக்கில் லேசாக விசில் அடிக்க நீ விடுவாயே, அந்த மூச்சு. உன் மைக்கின் முன்னால் யாரும் இல்லை. ஜான்சன் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். கூட்டம் அதையும் பாட்டு என்று நினைத்துக் கை தட்டியது.

இரண்டாவது முறையும் மூச்சு மட்டும்தான் வந்தது. வார்த்தை வரவில்லை. எப்படி வரும்? அதைச் சொல்ல வேண்டியவள் நானல்லவா?

செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினேன். கூட்டத்தைப் பார்க்கவில்லை, வலைத்தலையில் மினுங்கிய ஈரத்தைத்தான் பார்த்தேன். மூன்றாவது முறை நவீன் அண்ணன் கத்தி நிறுத்தியதும் வாயை வைத்து "காவல்" என்றேன். மைதானம் முழுக்க என் குரல் போனது. கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு மெல்ல விலகியது.

இறங்கியதும் நவீன் அண்ணன் சென்னைக்காரருக்குப் போன் போட்டு, "கேப் இருக்குமுங்க. அதுல எங்க பிரபு தங்கச்சி பாடும். வேணும்னா எடுங்க, இல்லைனா உடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் எடுப்பதாகச் சொல்லிவிட்டார், அண்ணா. அம்மாவிடம் சொன்னேன். "இது பேசறதே எனக்குக் கேக்காது, இது பாடுதா?" என்று சிரித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எந்த ஊர் மேடையானாலும், நீ இடம் விடுகிற வரையில் நான் அந்த மைக்கின் முன்னால் நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நான் அம்மையில் கிடந்த அன்று அங்கே பாடியது யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நேற்று மத்தியானம் அப்பாவிடம் சாவி வாங்கிச் சுரங்கத்தில் இறங்கினேன். என் கோடிக்குப் போகவில்லை. நீ நிற்கும் இடத்தில் நின்றேன். "பூட்டுன மில்லுக்கு எதுக்குடா காவல்?" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திவிட்டு, இடம் விட்டேன்.

உன் கூடப் பிறந்த
பாப்பா