படகில் ஏறாதவள் எழுதுவது

ராஜபாளையம்,
7.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாச்சியார் எழுதுவது. நானும் வீடும் இருக்கிறோம். கடல் காற்றில் உங்கள் இருமல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடியும் வத்தலும் இரண்டு பேருக்கு, ஒரு வருஷத்துக்கென்று போட்டது. என் பங்கை, படகில் உங்களோடு வருகிற சுயம்புலிங்கம் அண்ணனுக்குக் கொடுங்கள். பட்டாளத்திலேயே அவருக்கு நாக்கு நீளம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் சரி, சரி, வைக்கட்டுமா என்பீர்கள். நானும் வைத்துவிடுவேன். நீங்கள் அஸ்ஸாமில் இருந்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் ஒரு பொய்கூட இல்லை. பொய்யை நேரில்தான் சொன்னேன். அதனால் உண்மையைக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மாரிச்செல்வி என்னை இருக்கச் சொல்லவே இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வேண்டும் என்று நம் மகள் அழுதாள், அதனால் நான் படகில் வரவில்லை என்றேனே, அது நானாகக் கட்டிய கதை. வளைகாப்பு முடிந்த மறுநாளே அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிட்டு, இருவது வருசமாப் பேசிவச்ச பயணம்மா, எனக்காவ நிக்காத, இங்கயே பெத்துக்கிடுதேன், அத்தை எம்புட்டு நல்லாப் பாத்துக்கிடுதாக என்றாள். அவள் மாமியார் ஈஸ்வரி மதினியும், முப்பது வருஷம் நர்சு வேலை பார்த்தவளை நம்ப மாட்டீர்களா என்று கேட்டார்கள். ஆனால் தலைப்பிரசவம் என்று சொல்லிவிட்டால் நம் பக்கம் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நீங்களும் பேச மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஆவணியில் கொச்சியில் வெள்ளோட்டம் போனோமே, அன்று கரை கண்ணுக்குத் தெரியாமல் போனது. நீங்களும் அண்ணனும் பாய்க்கயிற்றை இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாந்தி வருகிறது என்று கீழே போய்ப் படுத்தேனே, வாந்தி இல்லை, பயம். நாற்பத்தெட்டு வயதில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு சேத்தூர்க் கிணற்றில் நீச்சல் பழகியவள்தான். கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் சுவர் இருந்தது.

பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்ல? பிரம்மபுத்திராவில் படகு ஓட்டியதைப் பற்றி நீங்கள் எழுதியபோது, ரிட்டையர் ஆனதும் என்னை ஒரு வருஷம் படகிலேயே வைத்திருங்கள் என்று முதலில் கேட்டதே நான்தான். வீட்டு வேலையில் சலித்துப்போய் எழுதிய வரி அது. நீங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். இருபது வருஷம் வீறாப்புப் பேசிவிட்டுப் பின்வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. மகளை முன்னால் நிறுத்திவிட்டு ஒளிந்துகொண்டேன்.

நீங்கள் கொச்சிக்கு ரயிலேறிய அன்று, ஏழு மாத வயிற்றோடு அவள் பஸ் பிடித்து நம் ஸ்டேஷனுக்கு வந்தாள். நீங்கள் முகம் பார்க்காமல், நீ அழுததுக்காவ உங்கம்மா இருவது வருச ஆசையை விட்டுட்டா, சந்தோசமா இரு தாயி என்றீர்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோர்ட்டில் டைப் அடிக்கிற பிள்ளை, பொய்யைத் தினமும் பார்க்கிறவள், அவளுக்கா புரியாது? நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாள். நான் உங்கள் பையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்துப் போய்ட்டு வாங்கப்பா என்று மட்டும் சொன்னாள். நீங்கள் பெட்டிக்குள் ஏறிவிட்டீர்கள்.

ரயில் போன பிறகு, கடலுக்குப் பயந்துட்டியாம்மா என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்பாட்ட சொல்லீராத, போறத நிறுத்திருவாக என்றாள். ஆகையால் இதைப் படித்துவிட்டுப் பயணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவள் பழியைச் சுமந்தது வீணாகிவிடும்.

பத்து நாளாக அவள் கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்கவில்லையாம். மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். உப்பா காரணம்?

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். கடலுக்குள் போனால் சிக்னல் கிடைக்காது. அதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுங்கள். மத்தியானம் ஒன்றரைக்கு மேல் சாப்பாட்டு நேரம், எடுப்பாள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உங்களுக்கு அது வராது. சாப்பிட்டியா தாயி என்று கேளுங்கள், போதும். மார்கழியில் அவளுக்கு வலி எடுக்கும்போது நீங்கள் எந்தக் கடலில் இருப்பீர்களோ. அப்பா பேசவில்லை என்ற நினைப்போடு அவள் பிரசவ அறைக்குள் போகக் கூடாது.

எனக்குப் போன் செய்ய வேண்டாம். என்மேல் வருகிற கோபத்தை ஒரு வருஷமும் குறையாமல் வைத்திருந்து, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்,
நாச்சியார்